கட்டம் சரியில்லை

செல்லூரில் மொட்டைமாடி ஒற்றை அறை.
மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே விசைத்தறி.
தறி ஓடினால் என் கோடும் நடுங்கும்.
"அந்த நடுங்கும் கோடு உங்கள் பாணி"
என்று ஒரு வாசகர் தபால் அட்டையில் மெச்சியிருந்தார்.
கரண்ட் இல்லாத நாளில் வரைந்ததைப் பார்த்துவிட்டு
"கோட்டில் உயிரில்லை" என்றார்.
அவரேதான். அதே பச்சை மை.

மாலைப் பேப்பரில் தினம் நாலு கட்டம் எனக்கு.
என் நாயகன் பெயர் கிருதுமால்.
ஆமாம், ஆற்றின் பெயர்தான்.
அதைப்போல இவனுக்கும்
பேர் இருக்கிறது, வரத்து இல்லை.

அவனும் படம் போடுகிறவன். அவனுக்கும் வாடகை பாக்கி.
முதல் கட்டத்தில் கதவு தட்டப்படுகிறது.
இரண்டாவதில் கட்டிலுக்கடியில் பாய்கிறான்.
மூன்றாவதில், அங்கே ஏற்கெனவே
மளிகைக்கடைக்காரர் படுத்திருக்கிறார், நோட்டோடு.
நான்காவதில் மூலம் பவுத்திரம் விளம்பரம்.
கடைசி நேரத்தில் வந்ததாம்.
"மூணு கட்டத்துக்குத்தான் காசு" என்றார் ஆசிரியர்.
"சார், சிரிப்பு நாலாவதுலதான இருந்துச்சு?"
"விளம்பரத்தைப் படிச்சியா? அதுக்கும் சிரிக்கிறாய்ங்க."

குமிழுக்குள் வசனம் எழுதுவது மரகதவல்லி.
என் கையெழுத்து எனக்கே மறுநாள் விளங்காது.
அவளுடையது முத்து முத்தாய் இருக்கும்;
கோரிப்பாளையம் ஆஸ்பத்திரியில்
பகலெல்லாம் பில் போட்ட கை.
நான் கொடுத்த வசனம்:
"கலைக்காக உயிரையும் கொடுப்பேன்!"
அச்சில் வந்த வசனம்:
"கலைக்காக உயிரையும் கொடுப்பேன்,
சிலிண்டருக்கு மட்டும் நீ குடு!"
அன்றைக்குத்தான் முதன்முதலாக
டீக்கடையில் ஒருவர் புரையேறக் கண்டேன்.
அவரிடம் போய், எழுதியது நான்தான் என்றேன்.

மாமனார் என் ஜாதகத்தோடு
தல்லாகுளம் போய்வந்தார்.
"மாப்பிள்ளைக்குக் கட்டம் சரியில்லையாம்."
பதறிப்போய் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்.
நிஜம்தான்.
இடதுபக்கம் ரெண்டு மில்லி சாய்ந்திருந்தது.

வீட்டுக்காரர் சோணைமுத்து பேப்பர் படிக்கிறவர் இல்லை.
யாரோ வடை மடித்துக் கொடுத்ததில் பார்த்துவிட்டார்:
எண்ணெய்க் கறைக்கு நடுவே, கதவைத் தட்டிக்கொண்டு, அவர்.
வெள்ளென ஆறு மணிக்கு நிஜக் கதவு.
நிஜக் கட்டிலுக்கடியில் பெயிண்ட் டப்பா, இடமில்லை.
"ஏப்பா, இது நாந்தான?"
"இல்லைண்ணே, கற்பனை."
"கற்பனைக்கு என் மச்சம் எப்படி வந்துச்சு?"
கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார்.
"மூக்கைக் கொறைச்சுக்க.
வேட்டியில கரை போடு, அஞ்சு வெரல்கடை."

அதிலிருந்து ஒன்றாம் தேதி
தலைக்குச் சாயம் பூசி வந்தார்.
கதவைத் தட்டும் முன்
எந்தப் பக்கம் வாட்டம் என்று கேட்டுக்கொண்டார்.
பாக்கி எவ்வளவு என்பதை
தெரு கேட்கச் சொல்லும் குரல் மட்டும் மாறவில்லை.
சம்பந்தி வீட்டுக்குக் கத்தரித்து அனுப்பியதாகவும் கேள்வி.

ஆவணியில் யாருக்கு என்ன கோளாறோ
ஏழு மாதப் பணம் மொத்தமாய் வந்தது.
கீழே போய் எண்ணிக் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
மூன்றாம் தரம் எண்ணும்போது முகம் சுருங்கியது.
"முழுசா இருக்கேப்பா."
"ஆமாண்ணே."
"அப்ப நாளைக்கு நான் எதுக்கு வந்து தட்டுறது?"

தறி நின்றிருந்தது. என்னிடமும் பதில் இல்லை.
உண்மையில் அதே கேள்விதான் எனக்கும்:
நாளைக்கு நாலு கட்டம், கிருதுமாலிடம் காசு,
காசுள்ளவனை வைத்து எவன் சிரிப்பான்?

அவர் ஒரு ஐந்நூறை உருவி
என் சட்டைப் பையில் திணித்தார்.
"ஐந்நூறு கொறையுது.
சாயங்காலம் வந்து சத்தம் போடுறேன்.
வீட்ல இரு. கட்டிலுக்கடியில எடம் பண்ணி வையி."

மாடிக்கு வந்து சொன்னேன்.
மரகதவல்லி சிரிக்கவில்லை.
ஐந்நூறை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு,
குமிழை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னாள்.
அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறதாம்.